அப்பாவின் போனில் விளம்பரத்தைத் தடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது. தினமும் காலையில் போனில் தமிழ்ச் செய்தித் தளங்களைப் படிப்பார். இப்போதெல்லாம் பக்கம் திறந்ததும் விளம்பரம் திரையையே மறைத்துவிடுகிறது. மூடப்போனால் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. போன வாரம் 'உங்கள் போனில் வைரஸ்' என்று ஒன்று வந்தது. பயந்துபோய் எதையோ அழுத்திவிட்டார். அன்றிலிருந்து நோட்டிஃபிகேஷனில் விளம்பரமாகக் கொட்டுகிறது. ஆட் பிளாக்கர் போடலாமா? 'பத்திரிகைக்காரன் பிழைப்பு அதில்தானே இருக்கிறது' என்று அப்பா தயங்குகிறார். - திருச்சி வாசகர்

பதில்: போடலாம். என்னைக் கேட்டால், இன்றே போட்டுவிடுங்கள். ஆனால் முதலில் அந்த நோட்டிஃபிகேஷன் தொல்லையை முடித்துவிடுவோம். ஆட் பிளாக்கர் போட்டாலும் அது தானாக நிற்காது.

அப்பா அழுத்தியது அநேகமாக 'அனுமதி' என்ற பொத்தானாக இருக்கும். நினைத்த நேரத்தில் செய்தி அனுப்பும் உரிமையை அது ஏதோ ஒரு தளத்துக்குக் கொடுத்துவிட்டது. குரோமில் மேலே இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி வாங்கிய தளங்கள் வரிசையாகத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாத பெயர்களையெல்லாம் தடுத்துவிடுங்கள். குரோமைத் திறக்காதபோதும் திரையில் விளம்பரம் விரிகிறது என்றால், அது ஏதோ ஒரு ஆப்பின் வேலை. சமீபத்தில் ஏற்றிய கிளீனர், டார்ச் மாதிரியான ஆப்களை நீக்கிப் பாருங்கள். அந்த வைரஸ் பக்கம் சொன்னதைக் கேட்டு ஏதாவது ஏற்றியிருந்தால், முதலில் நீக்க வேண்டியது அதைத்தான்.

சரி, அப்பாவின் தயக்கத்துக்கு வருவோம். அது நியாயமானது. அவர் வாழ்நாள் முழுக்க அச்சுப் பத்திரிகை படித்தவர். ஜவுளிக்கடை விளம்பரத்தையும் வரி விளம்பரத்தையும் செய்தி மாதிரியே படித்த தலைமுறை. அந்த விளம்பரங்களைப் பத்திரிகை அலுவலகத்தில் ஒருவர் பார்த்து, பணம் வாங்கி, பக்கத்தில் வைத்தார். தவறாக ஏதாவது வந்தால் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தார்.

இணையத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அப்பா ஒரு பக்கத்தைத் திறந்ததும், அங்கே காலியாக இருக்கும் விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. எந்த ஊர், என்ன போன், என்ன படிக்கிறார் என்பது போன்ற விவரங்கள் பல நிறுவனங்களுக்குப் பறக்கின்றன. கண் இமைக்கும் நேரத்துக்குள் ஏலம் முடிந்து, ஜெயித்தவரின் விளம்பரம் வந்து உட்காருகிறது. எந்த விளம்பரம் வந்தது என்று பல நேரம் அந்தத் தளத்தின் ஆசிரியருக்கே தெரியாது. விளம்பரம் என்ற பெயரில் வருவது வெறும் படமும் அல்ல. போனுக்குள் ஓடும் நிரல் அது. படிப்பவரைக் கண்காணிக்கும், டேட்டாவைத் தின்னும், பேட்டரியைக் கரைக்கும்.

ஆபத்தும் அந்த வழியாகவே வருகிறது. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வோனேஜ் என்ற இணையத் தொலைபேசி நிறுவனத்தின் பெயரில் ஒருவர் விளம்பர இடம் வாங்கினார். முதலில் ஒழுங்கான விளம்பரம்தான் ஓடியது. வார இறுதியில் அது 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மிரட்டும் போலி எச்சரிக்கையாக மாறியது. உங்கள் அப்பா பார்த்ததும் கிட்டத்தட்ட இதே வித்தைதான். 2016 மார்ச்சில் அதே பத்திரிகையும் பிபிசியும் உட்படப் பெரிய தளங்கள் பலவற்றில் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், பரப்பும் விளம்பரங்கள் புகுந்தன. நல்ல தளத்தை மட்டும் படித்தால் போதும் என்று நம்ப முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

அதனால், தடுப்பவர்கள் எல்லாரும் விளம்பரத்தையே வெறுப்பவர்கள் என்று நான் நினைக்கவில்லை. யார் அனுப்புகிறார்கள் என்று தெரியாத ஒன்று வீட்டுக்குள் வருவதைத்தான் அவர்கள் தடுக்கிறார்கள். இது புதுப் பழக்கமும் இல்லை. கேட்காமலே திறந்துகொள்ளும் பாப்-அப் ஜன்னல்கள் குதித்த காலத்தில், மக்கள் பட்ட பாட்டைப் பார்த்து பிரவுசர்களே அவற்றைத் தடுக்க ஆரம்பித்தன. பாப்-அப்புக்கு முதலில் நிரல் எழுதியவர்களில் ஒருவரான ஈதன் ஸக்கர்மேன் 2014இல் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார்.

இனி எதைப் போடுவது? ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகள், அதாவது பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரல்கள், போட முடியாது. அதனால் அப்பாவின் போனில் ஃபயர்பாக்ஸை ஏற்றி, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேருங்கள். இலவசம். விளம்பர சர்வர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அங்கே போகும் கோரிக்கையையே அது நிறுத்திவிடும். விளம்பரம் இறங்குவதே இல்லை என்பதால் டேட்டாவும் மிச்சம். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் பிரேவ் பிரவுசர் போதும், தடுப்பு அதிலேயே உண்டு. கணினியில் குரோம் என்றால் யூபிளாக் ஆரிஜின் லைட். குரோமின் புதிய விதிகளால் பழைய முழு வடிவம் இப்போது அதில் ஓடுவதில்லை. ஐபோனில் சஃபாரிக்கான தடுப்பு ஆப்கள் 2015 முதலே இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. இந்த வகை நீட்சிகளில் பல, நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கத்தையும் படிக்கும் அனுமதி கேட்கும். பெயரை மட்டும் காப்பியடித்த போலிகளும் உலவுகின்றன. யூபிளாக் ஆரிஜினை உருவாக்கியவர் ரேமண்ட் ஹில். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஒன்று போதும், இரண்டு மூன்று வேண்டாம்.

அப்புறம் பத்திரிகைக்காரர் பிழைப்பு. யூபிளாக் சின்னத்தைத் தொட்டால் பெரிய பவர் பொத்தான் வரும். அதை அழுத்தினால் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு விலகும். அப்பா தினமும் படிக்கிற, திரையை மறைக்காத, ஏமாற்றாத தளங்களுக்கு விலக்கு கொடுத்துவிடுங்கள். மறுபடி தொல்லை வந்தால் விலக்கை ரத்து செய்யுங்கள். சந்தா வசதி இருந்து, கட்டுப்படியும் ஆனால் அதைக் கட்டுவது இன்னும் நல்லது. அந்தப் பணம் ஏல இடைத்தரகர்களுக்குப் போகாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கேஸ், வங்கி, கூரியர் என்று வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடும்போது மேலே வரும் முடிவுகள் விளம்பரமாக இருக்கலாம். மோசடிக்காரர்களும் காசு கொடுத்து அந்த இடத்தை வாங்குகிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைச் சொல்லித்தான், தேடும்போது ஆட் பிளாக்கர் பயன்படுத்துங்கள் என்று மக்களுக்கு அறிவுறுத்தியது. அப்பாவுக்கு அடிக்கடி தேவைப்படும் எண்களை, பில்லையும் வங்கி அட்டையின் பின்பக்கத்தையும் பார்த்து, நீங்களே அவர் போனில் சேமித்துக் கொடுங்கள். கூடவே 1930 என்ற எண்ணையும். ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது.