டாக்டரைக் கேளுங்கள்: விதைப்பையில் நரம்புச் சுருட்டு... ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். எனக்கு வயது 31. வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பகலில் பச்சைக்காய் மூட்டை தூக்குவேன். ராத்திரி அடுப்புக்கு விறகு தள்ளிக் காய் உலர்த்துவேன். கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. மனைவிக்கு (வயது 27) தேனி, கோட்டயம் என்று எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று, குறை ஒன்றுமில்லை. போன மாதம்தான் எனக்கு எடுத்தார்கள். விந்தணு ஒரு மில்லிக்கு 90 லட்சம். ஸ்கேனில் இடது பக்கம் ‘வேரிகோசீல்’ என்று வந்திருக்கிறது. சாயங்காலமானால் அந்தப் பக்கம் கனத்து இழுக்கும், படுத்தால் சரியாகிவிடும். ஒரு டாக்டர் ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டு உடனே ஆபரேஷன் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், “கத்தி வைத்தால் ஆண்மை போயிடும், எண்ணெய் தேய்ச்சாப் போதும்” என்கிறார். என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், கம்பம்மெட்டு

பதில்: தம்பி, முதலில் உங்கள் மனைவியை நினைத்துத்தான் எனக்கு வருத்தம். நாலு வருடம் அந்தப் பெண் ஊர் ஊராக அலைந்திருக்கிறார். விந்துப் பரிசோதனை ஊசியில்லாத, வலியில்லாத, செலவு குறைந்த பரிசோதனை. அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து மலைக்கு வேலைக்குப் போகிற எத்தனையோ குடும்பங்களில் இதே கதையைப் பார்க்கிறேன். மாமியார் வாயில் விழுவதெல்லாம் மருமகள்தான்.

இனி உங்கள் விஷயம். விரையிலிருந்து அசுத்த ரத்தம் மேல்நோக்கி ஏறிப் போக வேண்டும். அந்தக் குழாய்களுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. மோட்டாரில் ஃபுட்வால்வு பழுதானால் ஏற்றிய தண்ணீர் திரும்ப இறங்குமே, அப்படித்தான் இந்த வால்வு பழுதானால் ரத்தம் கீழிறங்கித் தேங்கும், குழாய் புடைத்துச் சுருளும். இதுதான் வேரிகோசீல் என்கிற நரம்புச் சுருட்டு. இடது பக்கக் குழாய் நீளமானது. சிறுநீரகத்தின் ரத்தக் குழாயில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் பெரும்பாலும் இடது பக்கம் வருகிறது. ஆண்களில் நூற்றுக்கு 15 பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் பலர் பிள்ளை பெற்றவர்கள். மூட்டை தூக்கியதால் வந்ததோ என்று கலங்காதீர்கள். பெரும்பாலும் வயதுக்கு வரும் பருவத்திலேயே தொடங்கிவிடும்.

விரை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அணு ஒழுங்காக உற்பத்தியாகும். தேங்கிய ரத்தம் அந்தச் சூட்டைக் கூட்டுகிறது. நீங்களோ ராத்திரி முழுக்க அடுப்பு வாயில் உட்காருகிறீர்கள். முதலாளியிடம் பேசி அந்த வேலையை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். பீடி, புகையிலை இருந்தால் அதையும் விடுங்கள்.

ஆபரேஷனுக்கு வருகிறேன். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சுருட்டுக்கு ஆபரேஷன் செய்து பலன் இல்லை. கையில் தட்டுப்பட வேண்டும். உங்களை நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, விரலிடையில் பிடித்துப் பார்க்க வேண்டும். முக்கும்போது மட்டும் பட்டால் முதல் நிலை. சும்மா நிற்கையிலேயே பட்டால் இரண்டாம் நிலை. தோலுக்கு மேலேயே கண்ணுக்குத் தெரிந்தால் மூன்றாம் நிலை. உங்களைத் தொட்டே பார்க்காமல் தேதி குறிக்கிற இடத்தில் படுக்காதீர்கள்.

விந்து டெஸ்ட்டும் ஒன்று போதாது. 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து இன்னொரு முறை கொடுங்கள். இடையில் கடுங்காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவே எண்ணிக்கையைக் குறைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கீழ் எல்லை மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம். மறுபடியும் குறைவாகவே வந்து, சுருட்டும் கையில் பட்டால், ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றே நானும் சொல்வேன். மனைவிக்கு 27 வயதுதான், பொறுத்திருக்க நேரம் இருக்கிறது.

மைக்ராஸ்கோப் வைத்துச் செய்வதுதான் நல்லது. தொடை இடுக்குக்குக் கீழே சின்ன வெட்டு; புடைத்த குழாய்களை மட்டும் கட்டிவிட்டு, விரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் விட்டுவிடுவார்கள். திரும்ப வருவதும் நீர் கோர்ப்பதும் இதில் குறைவு. ஆண்மைக்கு ஒன்றும் ஆகாது. விறைப்புக்கான நரம்பு இருக்கிற இடமே வேறு. மூன்று நாலு வாரம் மூட்டை தூக்கக் கூடாது. புது அணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுடெஸ்ட். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எண்ணிக்கை கூடுகிறது. குழந்தை நிச்சயம் என்று யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

பழுதான வால்வை எண்ணெய் சரிசெய்யாது. அழுத்தித் தேய்த்தால் வலிதான் மிச்சம். ‘ஆண்மை ஊசி’ என்று டெஸ்டோஸ்டிரோன் போடச் சொன்னால் தொடவே வேண்டாம், இருக்கிற அணு உற்பத்தியையும் அது நிறுத்திவிடும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: வலது பக்கம் மட்டும் வந்தாலோ, நடுவயதுக்கு மேல் திடீரென்று வந்தாலோ, படுத்தும் வடியாவிட்டாலோ வயிற்று ஸ்கேன் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். விரையில் திடீரென்று உயிர்போகிற வலி வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும்.

தம்பி, கோட்டயம் மருத்துவக் கல்லூரியிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் யூராலஜி (சிறுநீர், ஆண் உறுப்பு சிகிச்சை) பிரிவு இருக்கிறது. உங்களுக்கு எது தோதோ அங்கே போங்கள். மனைவியும் கூட வரட்டும், அவருடைய ரிப்போர்ட்டுகளும் பையில் இருக்கட்டும். கிளம்பும் முன் அம்மாவிடம் உங்கள் டெஸ்ட்டில் என்ன வந்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.