கோயில் யாருக்கு, வாசல் யாருக்கு?

தாய்லாந்து–கம்போடியா எல்லைச் சண்டை பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து கேள்வியாக வந்து விழுகிறது. ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பேரன் பாங்காக்கில் வேலை பார்க்கிறான். போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? (பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்)

பாங்காக் போகலாம் ஆச்சி. குண்டு விழுந்ததெல்லாம் சுரின், சிசாகெட் மாதிரி எல்லையோர மாகாணங்களில். ஆனால் அப்படியே பஸ் பிடித்து எல்லை தாண்டிக் கம்போடியாவின் அங்கோர் வாட்டையும் பார்த்துவிடலாம் என்று பேரன் ஆசை காட்டினால் தலையாட்டாதீர்கள். தரைவழிச் சாவடிகளை நம்பி டிக்கெட் போட முடியாது. கிளம்பும் முன் இந்தியத் தூதரக அறிவிப்பை ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சண்டைக்குக் காரணமே ஒரு சிவன் கோயிலாமே, நமக்கு அதில் பாத்தியதை கிடையாதா?

சிவன் கோயில்தான். பிரியா விகார் என்று பெயர், மூலவர் சிகரேஸ்வரர், அதாவது மலையுச்சி ஈசன். டாங்ரெக் மலையில் 500 மீட்டருக்கு மேல் செங்குத்தான பாறை விளிம்பில் நிற்கிறது. இன்று நிற்கும் கட்டடத்தில் பெரும்பகுதி 11, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கிட்டத்தட்ட நம் ராஜேந்திர சோழன் காலத்தில் தொடங்கி. அதற்காகப் பாத்தியதை கொண்டாட முடியாது. கோயில் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழுவில் இந்தியாவும் சீனாவும் இணைத் தலைமை, நம் பங்கு அவ்வளவுதான்.

மலை நீர்ப்பிரிமேடுதான் (மழைநீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் முகடு) எல்லை என்று ஒப்பந்தம் இருந்தும் கோயில் எப்படிக் கம்போடியாவுக்குப் போனது?

இதுதான் சுவாரஸ்யமான கேள்வி. 1904இல் பிரான்சும் (கம்போடியா அப்போது அதன் கையில்) சயாமும் (அன்றைய தாய்லாந்து) போட்ட ஒப்பந்தத்தில் நீர்ப்பிரிமேடு என்றுதான் இருக்கிறது. அப்புறம் பிரெஞ்சு அதிகாரிகள் அளந்து வரைந்த படம் 1908இல் பாங்காக் வந்து சேர்ந்தது, அதில் கோயில் கம்போடியா பக்கம் விழுந்திருந்தது. சயாம் என்ன செய்திருக்க வேண்டும்? நம் ஊரில் பக்கத்து வயல்காரர் சர்வேயரைக் கூட்டிவந்து கல்லை ஒரு முழம் தள்ளி நட்டால் அன்றைக்கே தாலுகா ஆபீசில் ஆட்சேப மனு விழுந்துவிடும். சயாமின் உள்துறை அமைச்சர் இளவரசர் டாம்ரோங்கோ நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் 15 பிரதி வேண்டும் என்று கேட்டார்! 1930இல் அவரே கோயிலுக்குப் போனபோது பிரெஞ்சு அதிகாரி முழுச் சீருடையில், பிரெஞ்சுக் கொடி பறக்க, வீட்டுக்காரர் விருந்தாளியை வரவேற்பதுபோல் வரவேற்றார். அப்போதும் முணுமுணுப்பு இல்லை. 1934-35இல் சயாமே அளந்து பார்த்து, படமும் நீர்ப்பிரிமேடும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்த பிறகும் அதே படத்தைப் புழங்கிக்கொண்டிருந்தது. மௌனம் சம்மதம் என்று நாம் கல்யாணப் பேச்சில் சொல்வதைத்தான் ஹேக்கில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் 1962இல் 9 நீதிபதிகளுக்கு 3 பேர் என்ற கணக்கில் தீர்ப்பாக எழுதியது. தாய்லாந்து கோயிலை விட்டுக் கொடுத்தது, ஆனால் கொடியை இறக்க மனமில்லாமல் கம்பத்தோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போனது.

தீர்ப்பு வந்தே அறுபது வருஷம் தாண்டிவிட்டதே, இன்னும் எதற்கு அடிதடி?

ஏனென்றால் தீர்ப்பு கோயிலுக்குத்தான் வந்தது, எல்லைக் கோட்டுக்கு இல்லை. வளவு உனக்கு என்று சொல்லிவிட்டு முகப்பும் நடையும் யாருக்கு என்று சொல்லாமல் விட்டால் பங்காளிகள் சும்மா இருப்பார்களா? கோயிலுக்கு ஏற வசதியான சரிவு தாய்லாந்து பக்கம், கம்போடியா பக்கம் வெறும் செங்குத்து. சுற்றியிருந்த 4.6 சதுர கிலோமீட்டர் இழுபறியில் கிடந்தது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் கோயில் ஏறியதும் தாய்லாந்தில் வெளியுறவு அமைச்சர் பதவியே போனது, 2011இல் துப்பாக்கிச் சண்டை. 2013இல் நீதிமன்றம் கோயில் நிற்கும் மேட்டுப்பகுதி முழுக்கக் கம்போடியாவுக்கு என்று விளக்கம் சொன்னது. மற்ற 800 கிலோமீட்டர் எல்லையில் தா முவென் தோம் மாதிரிக் கோயில்கள் யாருக்கு என்று தீராமல் இன்னும் பாக்கி. இதன் மேல் இரண்டு அரசியல் குடும்பங்களின் பழைய நட்பு வேறு முறிந்தது. 2025 ஜூனில் தாய்லாந்தின் அன்றைய பிரதமர் பேதோங்தார்ன், கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென் என்பவரை ‘அங்கிள்’ என்று அழைத்துத் தன் ராணுவத் தளபதியைக் குறை சொன்ன போன் பேச்சு வெளியே கசிந்தது, ஆகஸ்டில் தாய்லாந்து அரசியல் சாசன நீதிமன்றம் பேதோங்தார்னின் பதவியைப் பறித்தது. ஜூலையில் ஐந்து நாள் சண்டை, டிசம்பரில் மறுபடியும்.

ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) எதற்கு இருக்கிறது? அமெரிக்காதானே நிறுத்தியது?

பாதி சரி. ஜூலை 28 போர்நிறுத்தம் மலேசியாவின் புத்ராஜெயாவில், அந்த வருஷம் ஆசியான் தலைவராக இருந்த மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராகிம் வீட்டுப் பஞ்சாயத்து மாதிரி முடிந்தது, ஆனால் டிரம்ப் சுங்கவரியைக் காட்டி மிரட்டியிருந்தார். இரண்டு நாட்டுக்கும் 36 சதவீதம் என்றிருந்தது அப்புறம் 19 ஆனது. சீனத் தூதரும் பேச்சு நடந்த அறையில் இருந்தார். கம்போடியாவின் ரியாம் கடற்படைத் தளத்தைச் சீனா விரிவாக்கிக் கொடுத்தது, தாய்லாந்து அமெரிக்காவின் ஒப்பந்தக் கூட்டாளி, ஆனால் அதுவும் சீன டாங்கி வாங்குகிறது. ஆகவே யாருக்கும் ஒரு பக்கம் சாய வசதியில்லை. நெருக்கித் தள்ளிய சமாதானம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதை அக்டோபரில் கோலாலம்பூரில் கையெழுத்தான சமாதான உடன்பாடு காட்டியது. நவம்பரில் கண்ணிவெடியில் தாய்லாந்து வீரர்கள் காயம்பட்டதும் தாய்லாந்து அதை நிறுத்திவைத்தது.

இதோடு ஒட்டி மூன்று பேர் கேட்டது: கச்சத்தீவையும் ஹேக்குக்குக் கொண்டுபோகலாமா? முடியாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் அங்கே வழக்கு, காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை அந்த நீதிமன்றம் தொடக்கூடாது என்று இந்தியாவே எழுதிக் கொடுத்திருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு.