பதில்: சமன்பாடு சரியாக எழுதுகிறார்கள், விளங்கியதா தெரியவில்லை

வணக்கம் மிஸ். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உங்கள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒளித்தொகுப்புச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள், ஆனால் விளங்கியதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். சமன்பாட்டை விடுங்கள், அது உயர்தரத்திலேயே பாடமாக்கியது.

"பெரும்போகத்தில் விதைத்த ஒரு நெல்மணி அறுவடையில் வைக்கோலும் கதிருமாக நிற்கிறது. அந்த உலர்நிறையில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். பல்தேர்வாகக் கொடுத்தாலும் காரணத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். மண், யூரியா என்று சிலர் எழுதத்தான் செய்வார்கள். வளியிலுள்ள காபனீரொட்சைட்டு என்பதோடு காரணமும் பொருந்தினால்தான் முழுப் புள்ளி.

அப்புறம் இன்னொன்று: இருட்டில் முளைத்த பயறின் உலர்நிறை கூடுமா, குறையுமா? சுவாசத்தால் குறையும். தாவரம் இரவில் மட்டும்தான் சுவாசிக்கும் என்று நினைப்பவர்களும் இதில் காரணம் எழுதும்போது பிடிபடுவார்கள்.