பைபிளைத் தூக்கிய கேப்டன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டார்வின் பற்றிய கட்டுரையில், அவர் பயணம் போன பீகிள் கப்பலின் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராயை ‘பெரிய மனிதர்’ என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். மூக்கைப் பார்த்து டார்வினை வேண்டாம் என்று சொல்லப் பார்த்தவர் அவர். 1860 ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் கூட்டத்தில் பைபிளைத் தூக்கிக் காட்டிப் பரிணாமத்தை மறுத்தவரும் அவர்தான். ஒரு மதவெறியர் எப்படிப் பெரிய மனிதர் ஆவார்? பீகிள் பயணம் பற்றி எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சென்ற வாரம் முழுக்க ஃபிட்ஸ்ராய்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தார். புயல் வரும் என்றார்கள், வெயில் அடித்தது. உடனே வாட்ஸ்அப்பில் வானிலை மையத்தைக் கிண்டலடித்து ஒரே மீம் மழை. வானிலையை முன்கூட்டிச் சொல்லிக் கிண்டல் வாங்கியவர்தானே அவரும். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

மூக்கு விஷயத்தை விடுங்கள். முகத்தை வைத்துக் குணத்தைச் சொல்லலாம் என்று அன்று படித்தவர்களே நம்பினார்கள். கடைசியில் அவர் டார்வினைச் சேர்த்துக்கொண்டார், நிலவியல் அறிஞர் லயலின் நூலின் முதல் தொகுதியையும் கையில் கொடுத்தார். டார்வினின் சிந்தனையைத் திருப்பிய நூல் அது. அடிமை முறை பற்றிப் பிரேசிலில் இருவருக்கும் பெரிய சண்டை. கோபத்தில் டார்வினைத் தன் மேஜையிலிருந்தே விலக்கினார், சில மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சண்டையில் நியாயம் டார்வின் பக்கம்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு கதையை நீங்கள் பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள். அங்கே அவர் போனது டார்வினை எதிர்க்க அல்ல, பிரிட்டனின் புயல்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்க. பைபிள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, புயல் யாருக்கும் நினைவில்லை. ஒரு மனிதனை அவன் வாழ்வின் ஐந்து நிமிடத்தை வைத்து எடைபோடும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது உங்களுக்கு? யூடியூபிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

23 வயதில் கேப்டன் ஆனவர். அவருக்கு முன் பீகிளை நடத்திய பிரிங்கிள் ஸ்டோக்ஸ், தென் அமெரிக்காவின் தென்கோடியில் 1828-இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ஃபிட்ஸ்ராயின் தாய்மாமன் காஸில்ரே பிரபு, பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருக்கும்போதே 1822-இல் கழுத்தை அறுத்துக்கொண்டவர். கேப்டன் மாலுமிகளோடு உட்கார்ந்து சாப்பிட முடியாத கப்பல் அது. அடுத்த பயணத்துக்குப் பேச்சுத்துணை தேடினார் என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. டார்வினுக்கு அந்த இடம் கிடைத்தது அப்படித்தான். அளவையில் ஃபிட்ஸ்ராய் பிடிவாதக்காரர். கடலில் கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்க உதவும் துல்லியக் கடிகாரங்களான குரோனாமீட்டர்கள் 22-ஐக் கொண்டுபோனார், அவற்றில் 6 அவருடைய சொந்தம். நியூசிலாந்து ஆளுநராக இருந்தபோது மாவோரி மக்களுக்கும் வெள்ளைக் குடியேறிகளுக்கும் நடந்த வைராவு மோதலில் தவறு குடியேறிகள் மேல் என்று தீர்ப்புச் சொன்னார். அவர்கள் விடுவார்களா? 1845-இல் பிரிட்டிஷ் அரசு அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது.

சரி, புயலுக்கு வருகிறேன். 1854-இல் அவருக்கு பிரிட்டிஷ் அரசின் வணிக வாரியத்தில் ஒரு சின்ன அலுவலகம் கொடுத்தார்கள். கப்பல்களிலிருந்து வரும் வானிலைக் குறிப்புகளைத் தொகுத்து அட்டவணை போடுவதுதான் வேலை. 1859 அக்டோபரில் மெல்போர்னிலிருந்து லிவர்பூல் வந்துகொண்டிருந்த ராயல் சார்ட்டர் கப்பல், வேல்ஸ் கரைக்குப் பக்கத்தில் பாறையில் மோதி உடைந்தது. 450 பேருக்கு மேல் செத்தார்கள். தந்தி இருந்தது, காற்றழுத்தமானி இருந்தது, ஆனால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஃபிட்ஸ்ராயால் அதைப் பொறுக்க முடியவில்லை. கரையோர நிலையங்களிலிருந்து தந்தியில் விவரம் வாங்கி, ஆபத்து தெரிந்தால் துறைமுகங்களுக்குத் திருப்பித் தந்தி அடித்தார். அங்கே கம்பத்தில் கான்வாஸ் கூம்பையும் உருளையையும் ஏற்றினார்கள். கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்கிலிருந்து சூறாவளி, கீழே பார்த்தால் தெற்கிலிருந்து. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அந்த யோசனைக்கு இவர் முன்னோடி.

என் சித்தப்பா கடலூரில் படகு வைத்திருந்தார். கூண்டு ஏற்றி, படகுகள் எல்லாம் கரையில் கிடந்து, புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டால் டீக்கடையில் உட்கார்ந்து அந்த அதிகாரிகளை அவர் திட்டும் திட்டை இங்கே எழுத முடியாது. ஒருநாள் கூலியும் மீனும் போன கோபம். ஆனால் அடுத்த முறை கூண்டு ஏறினால் படகைத் தொடமாட்டார். நானே கேட்டிருக்கிறேன், “அவனுங்க சொல்றதுதான் பொய்யாச்சே, போக வேண்டியதுதானே?” முறைத்தார், அவ்வளவுதான்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1861 ஆகஸ்ட் 1 முதல் டைம்ஸ் நாளிதழில் அவருடைய முன்னறிவிப்பு வந்தது. தப்பினால் ஊரே சிரித்தது, அச்சிட்ட அதே டைம்ஸும் கிண்டலடித்தது. அறிவியலாளர்களில் பலர் இதை ஊகம் என்று ஒதுக்கினார்கள். சொந்தச் சொத்தையெல்லாம் பொதுவேலைக்குக் கொட்டித் தீர்த்தவர், காதும் மங்கி உடம்பும் மனமும் களைத்தவர், 1865 ஏப்ரல் 30 ஞாயிற்றுக்கிழமை காலை தன் மாமனைப் போலவே கழுத்தை அறுத்துக்கொண்டார். வயது 59. குடும்பத்துக்கான நிதிக்கு டார்வின் 100 பவுண்டு கொடுத்தார்.

அப்புறம் ஒரு குழு உட்கார்ந்து ஆராய்ந்தது. இதற்கெல்லாம் அறிவியல் அடிப்படை போதாது என்றது. பத்திரிகை முன்னறிவிப்பு நின்றது, 1866 இறுதியில் புயல் எச்சரிக்கையும் நின்றது. சத்தம் போட்டது யார் தெரியுமா? கடலுக்குப் போகிறவர்கள். மறு ஆண்டே கூம்புகள் திரும்பக் கம்பம் ஏறின. பத்திரிகை முன்னறிவிப்பு திரும்ப 1879 ஆயிற்று. ஈரமாகாமல் வீட்டில் உட்கார்ந்து மீம் போடுகிறவர்களுக்கும் என் சித்தப்பாவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் நண்பரே. அவருக்குத் திட்ட உரிமை இருந்தது.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். பீகிள் பயண அறிக்கை 1839-இல் தொகுதிகளாக வந்தது. மூன்றாவது டார்வின் எழுதியது, அதைத்தான் உலகம் படித்தது. நீங்கள் ஃபிட்ஸ்ராய் எழுதிய இரண்டாவது தொகுதியைப் படியுங்கள். கடைசியில் பைபிள் சொல்லும் நோவா காலத்து வெள்ளத்துக்கு வாதாடும் பகுதி வரும், எரிச்சலாகத்தான் இருக்கும், தாண்டிப் போகாதீர்கள். கூழாங்கல் மூடிய சமவெளியைப் பார்த்து, நாற்பது நாள் வெள்ளத்தில் இதெல்லாம் நடந்திருக்காது என்று ஒருகாலத்தில் தானே நண்பரிடம் சொன்னதையும் அங்கேதான் எழுதிவைத்திருக்கிறார்.