அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

கேள்வி: திருச்சியில் தனியாக இருக்கும் என் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் போனதாக 'மும்பை போலீஸ்' வாட்ஸ்அப் வீடியோ காலில் மிரட்டி, 'டிஜிட்டல் அரெஸ்ட்' (வீடியோ காலிலேயே கைது) என்று சொல்லி, வங்கி டெபாசிட்டை உடைக்கவைத்துப் பணத்தைப் பறித்துவிட்டார்கள். இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்? என்னிடம்கூடச் சொல்லவில்லையே! புகார் கொடுத்தால் பயன் உண்டா?
- வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதம் பார்த்ததுமே 'சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்' என்று பதில் அனுப்பினேன். பறித்த பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். 1930-ல் புகார் பதிவானால் அந்தந்த வங்கிக்குத் தகவல் போய், மிச்சம் இருப்பதை முடக்குவார்கள். தாமதமானால் கிடைப்பது குறையும், அவ்வளவுதான்; புகார் வீண் இல்லை. 2024-ல் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி.ஓஸ்வாலிடம், போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்தி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அதில் 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. அவ்வளவு பெரிய தொழிலதிபரே நம்பினார் என்றால், அப்பாவின் படிப்பைப் பற்றிக் கேள்வி எதற்கு?

நான் கிளை மேலாளராக இருந்தபோது ஒரு பாட்டியம்மா டெபாசிட்டை முடிக்க வந்தார். "எதுக்கும்மா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "பேத்தி கல்யாணம்" என்றார். முகத்தில் கல்யாணக் களையே இல்லை. கைப்பையில் போன் வெளிச்சம் அணையவில்லை. செலானின் பின்பக்கம் 'போனில் யாராவது கேட்டுக்கிட்டு இருக்காங்களா?' என்று எழுதி நகர்த்தினேன். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். கை நடுங்கியது. பிறகுதான் தெரிந்தது, வெளியே சொன்னால் மகனையும் கைது செய்வோம் என்று மிரட்டியிருக்கிறார்கள்.

உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஏதாவது சொல்லியிருப்பார்கள். உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல, உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவர் வாயை மூடிக்கொண்டிருப்பார். தயவுசெய்து "ஏன் சொல்லலை?" என்று குடையாதீர்கள். இரண்டு வாரமாவது கூடப்போய் இருங்கள்.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. ஒருவரைக் கைது செய்தால் அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸ் தகவல் சொல்லியாக வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வீட்டில் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால் அவன் போலீஸே அல்ல. 'சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம்' என்று ரிசர்வ் வங்கியும் யாரிடமும் பணம் வாங்குவதில்லை.

கேள்வி: விசாரணைக்கு வரச்சொல்லி வாட்ஸ்அப்பில் போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. அசோகச் சின்னம், முத்திரை எல்லாம் இருக்கிறது. நம்பலாமா?
- வாசகர், மதுரை

பதில்: நம்பாதீர்கள். அப்படிப்பட்ட நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. சின்னத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். அதிலுள்ள எண்ணுக்குப் பேசாமல், போனை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கு நேரில் போய்க் காட்டுங்கள். துணைக்கு வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.