ரெண்டே நாள் காய்ச்சலுக்கு வைடால் போதுமா?

கேள்வி: ஆச்சிக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு நாள்தான் ஆகிறது. லேப்பில் வைடால் பார்த்து 1:80, டைபாய்டு என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்த ஒரு தாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். 1896-இல் வந்த வைடால் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கிறது. அது ரத்தத்தில் தேறவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். எப்போதோ வந்துபோன டைபாய்டு, போட்ட தடுப்பூசி, ஏன், மலேரியாகூட 1:80, அதாவது ரத்தநீரை 80 மடங்கு நீர்த்த பிறகும் எதிர்ப்புப் பொருள் தெரிகிறது என்று காட்டிவிடும்.

கேட்க வேண்டியது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தைப் பாட்டிலில் விட்டு அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. முதல் ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் வேண்டும். டைபாய்டில் ஒரு மி.லி.க்கு ஒரு கிருமி கிடைப்பதே பாடு, 2 மி.லி. எடுத்தால் தப்பிவிடும். தோலில் தடவிய மருந்து நன்றாகக் காய்ந்த பிறகே ஊசி. துடைத்த இடத்தில் மறுபடி விரல் வைத்து ரத்தக் குழாயைத் தடவினால், தோல் கிருமி பாட்டிலில் முளைத்துக் குழப்பும். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. பெரும்பாலும் ரெண்டு மூன்று நாளில் கிருமி வளர்ந்துவிடும். எந்த மருந்து கேட்கும் என்பதும் அதிலேயே தெரியும்.

ஆச்சிக்கு வயிற்றுவலி கடுமையானாலோ மலம் கறுத்தாலோ கல்ச்சருக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.