அலாய் மாட்டியதும் கார் இடது பக்கம் இழுக்கிறதா? ஷாக் அப்சார்பரை இப்போதைக்குத் தொட விடாதீர்கள்

திண்டுக்கல்லில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2019 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வைத்திருக்கிறார். கம்பெனி கொடுத்த 14 இஞ்ச் இரும்பு வீலைக் கழற்றிவிட்டு 16 இஞ்ச் அலாய் வீலும் 195/55 டயரும் மாட்டினார். அன்றிலிருந்து வண்டி இடது பக்கம் இழுக்கிறது. மூன்று முறை அலைன்மெண்ட், அதாவது வீல்கள் நிற்கும் கோணத்தை அளந்து திருத்தும் வேலை, செய்தும் தீரவில்லை. கடைசியாகப் போன கடையில் "லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு, முன்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டும் மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். மாற்றலாமா, புதிய டயரின் அளவில் தப்பு இருக்கிறதா என்பது கேள்வி.

வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். வீல் மாற்றுவதற்கு முந்தைய நாள் வரை நேராகப் போன வண்டி, மாற்றிய மறுநாள் இழுக்கிறது என்றால், முதல் சந்தேகம் அன்று மாற்றிய பொருளின் மேல்தான் வர வேண்டும். புஷ் என்பது வீலைத் தாங்கும் லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர்; அதுவும் ஷாக்கும் ஒரே இரவில் போவதில்லை. இதை ஒரு கடைக்காரர்கூட உங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதல் கேள்வி, பழைய நான்கு வீலும் இன்னும் வீட்டில் இருக்கின்றனவா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவற்றை மறுபடி மாட்டி, அதே ரோட்டில் ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். இழுவை போய்விட்டால் காரில் கோளாறு இல்லை, புதிய வீலிலோ டயரிலோதான் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு உங்கள் தெரு பங்க்சர் கடையே போதும். ஆனால் பெரும்பாலானவர்கள் அன்றைக்கே எக்ஸ்சேஞ்ச் என்று பழைய வீலைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பழைய வீலுக்கு அவர்கள் தரும் விலை சொற்பம்; அதைக் கொடுத்ததும் உங்கள் கையில் இருந்த ஒரே சாட்சியும் போய்விடுகிறது, அப்புறம் எந்தக் கடை என்ன சொன்னாலும் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்காது. ஒரு மாதமாவது மொட்டை மாடியில் போட்டு வையுங்கள்.

கொடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி இருக்கிறது.

ரோட்டைப் பாருங்கள். மழைத்தண்ணீர் ஓரத்துக்கு வடிய வேண்டும் என்பதற்காக நம் ரோடுகளை நடுவில் மேடாக, 100க்கு 2 அல்லது 2.5 என்ற சரிவில் போடுகிறார்கள். நாம் இடது பக்கம் போகிறவர்கள், அதனால் எந்தக் காருமே மெதுவாக இடது பக்கம்தான் ஒதுங்கும். அகலமான டயர் போட்டதும் இந்தச் சரிவும், லாரி போய்ப் போய் விழுந்த பள்ளக்கோடும் கையில் முன்பைவிட அதிகமாகத் தெரியும். அதனால் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு லேஅவுட் ரோட்டில், அதிகாலையில், மேடான நடுப்பகுதியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை விட்டுவிடாதீர்கள், விரல் தொட்டபடியே இருக்கட்டும். அங்கே நேராகப் போனால் உங்கள் வண்டி நன்றாக இருக்கிறது. ஸ்டியரிங் கோணலாக இருந்தும் வண்டி நேராகப் போகிறது என்றால் அது இழுவையே அல்ல, அலைன்மெண்ட் முடித்தவர் ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தாமல் விட்டது. அதே கடையில் இலவசமாகச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது காற்று. காலையில், வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது நான்கையும் ஒரே கருவியால் அளந்து, டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். பழைய அலாயை வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்துப் புதிது என்று விற்கும் பழக்கம் இருக்கிறது; அப்படிப்பட்ட வீலில் விளிம்பு வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், காற்று குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். நைட்ரஜன் அடித்தால் இழுவை போய்விடும் என்று சொன்னால் பர்ஸைத் திறக்காதீர்கள். நீங்கள் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தால் டயருக்கு வரலாம். டம்ளரைத் தரையில் படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, அடி சிறுத்து வாய் அகன்று இருப்பதால் சிறுத்த பக்கம் வளைந்து போகும். ரேடியல் டயருக்குள் இருக்கும் இரும்புப் பட்டை, தயாரிக்கும்போது நூலளவு ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்துவிட்டால் அந்த டயரும் இதே மாதிரிதான் உருளும். கண்ணால் பார்த்தால் தெரியாது, பேலன்சிங் மெஷினிலும் தெரியாது, புத்தம்புதிய டயரிலும் இருக்கலாம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

கண்டுபிடிக்க முன்பக்க வீல் இரண்டையும் இடம் மாற்றுங்கள், இடது வலதுக்கு, வலது இடதுக்கு. இப்போது வண்டி வலது பக்கம் இழுத்தாலோ இழுவை மறைந்துபோனாலோ குற்றவாளி டயர்தான். கொஞ்சமும் மாறாமல் இடதுக்கே இழுத்தால் டயரை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள், பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். சில டயர்களின் பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ரொட்டேஷன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அந்த டயர் அம்பு காட்டும் திசையில் மட்டும் உருள வேண்டியது. இடது வலது மாற்றினால் தலைகீழாக உருளும், மழையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளாது. அம்பு இல்லாமல் அவுட்சைட் என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேறு வகை. எழுத்து வெளிப்பக்கம் இருந்தால் போதும், எந்தப் பக்கம் மாட்டினாலும் எழுத்து வெளியேதான் நிற்கும், தாராளமாக மாற்றலாம். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு "இந்த டயரை சைடு மாத்தக் கூடாது சார்" என்று திருப்பி அனுப்பும் கடைகள் உண்டு. சரி, உங்களுடையது அம்பு போட்ட டயராகவே இருந்தால்? முதலில் அதே பக்கத்துக்குள் முன்னும் பின்னும் மாற்றுங்கள். முன் இடது பின் இடதுக்கும், முன் வலது பின் வலதுக்கும் போகட்டும். அம்பின் திசை மாறாது. இழுவை போனாலோ பாதியாகக் குறைந்தாலோ சந்தேகம் தீர்ந்தது. பிறகும் உறுதி வேண்டும் என்றால், காய்ந்த ரோட்டில், மெதுவான வேகத்தில், நாலைந்து கிலோமீட்டர் சோதனைக்கு மட்டும் இடது வலது மாற்றி ஓட்டிவிட்டு, அன்றே திருப்பி மாட்டிவிடுங்கள். மழை பெய்தால் சோதனையே வேண்டாம், அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.

அளவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் பழைய 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர், புதியது ஏறக்குறைய 621. அளவில் தப்பில்லை. பார்க்க வேண்டியது அலாயின் பின்பக்கம் ஈடி என்று பொறித்திருக்கும் எண். அச்சில் இருந்து வீல் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதை அது சொல்லும். 45 இருந்த இடத்தில் 35 போட்டால் வீல் 10 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளியே வந்தால் அதனால் மட்டும் ஒரு பக்கம் இழுக்காது, ஆனால் முன்பு கையில் தெரியாத சின்னச் சின்ன வித்தியாசங்கள் எல்லாம் ஸ்டியரிங்கில் தெரிய ஆரம்பிக்கும், முக்கியமாக பிரேக் பிடிக்கும்போது. நான்கு வீலிலும் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டு செட்டில் மிஞ்சியதைச் சேர்த்து ஒரு செட்டாக விற்கிறார்கள், டிசைன் ஒன்றாக இருப்பதால் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

இனி அந்த மூன்று அலைன்மெண்ட். உங்கள் காரில் முன்பக்கம் திருகித் திருத்த முடிவது டோ ஒன்றுதான், அதாவது இரண்டு வீலும் மேலிருந்து பார்த்தால் எவ்வளவு உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கின்றன என்பது. அது தப்பினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாகும். வண்டியை ஒரு பக்கம் இழுப்பது பெரும்பாலும் அதன் வேலை அல்ல. கேம்பரோ (முன்னால் நின்று பார்த்தால் தெரியும் வீலின் சாய்வு) காஸ்டரோ (பக்கவாட்டில் பார்த்தால் வீல் திரும்பும் அச்சின் சாய்வு) இடதுக்கும் வலதுக்கும் வேறுபட்டால்தான் இழுக்கும், அவற்றுக்குக் கம்பெனி திருகு வைக்கவில்லை. பின்பக்கம் ஒரே துண்டு அச்சு, அங்கேயும் திருகு கிடையாது. ஆகவே மூன்று முறை காசு வாங்கியவர்கள் திருத்தியது, நோய் இல்லாத இடத்தை. காஸ்டரை அளக்க ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். உங்கள் கடையில் திருப்பவே இல்லை என்றால் அளக்கவே இல்லை. வீலில் அளக்கும் மெஷினின் கவ்வியை மாட்டியதும் வண்டியை உருட்டியோ வீலைத் தூக்கிச் சுழற்றியோ கவ்வி உட்கார்ந்த கோணலை அளவிலிருந்து கழிக்க வேண்டும், அதையும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். செய்வதற்கு முன்பு, செய்த பின்பு என்று இரண்டு அளவும் உள்ள பிரிண்ட் தராத இடத்தில் பணம் கொடுக்காதீர்கள். ஜாக்கி வைத்து இழுத்துக் கேம்பரை வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வளைத்த இரும்பு வளைந்ததுதான், பிறகு கம்பெனி வாரண்டியும் பேசாது.

நம் ஊரில் சொந்தக் காரை 15 வருடம் வரை எந்த அதிகாரியும் தூக்கிப் பார்ப்பதில்லை. மெஷின் வாங்கிப் போட்டவர் எல்லாம் அலைன்மெண்ட் நிபுணர். டயர் விற்றவர் அலாயைக் கை காட்டுகிறார், அலாய் விற்றவர் அலைன்மெண்ட் கடையைக் காட்டுகிறார், சர்வீஸ் சென்டரில் வெளி வீல் மாட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லிக் கதவை மூடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பில் போடுகிறார்கள், யாரும் பொறுப்பு எடுப்பதில்லை. பத்து நிமிடம் வீலை இடம் மாற்றிப் பார்க்கக்கூட ஒருவருக்கும் பொறுமை இல்லை. இது என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத அலட்சியம்.

இடம் மாற்றியும் இடதுக்கே இழுத்தால், பிரேக் அதிகம் பிடிக்காமல் 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் வீலின் அருகேயும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இடது பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது. அதுவும் இல்லை என்றால்தான் புஷ், லோயர் ஆர்ம், ஷாக் எல்லாம்; அப்போதும் வண்டியைத் தூக்கி, கம்பி வைத்து நெம்பி, கிழிந்த புஷ்ஷை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.

டயர்தான் என்று உறுதியானால் விற்ற கடையில் எழுத்தில் புகார் கொடுத்து, டயர் கம்பெனி ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தேய்மான ஆழத்தை மட்டும் அளந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். அவரையே டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, வீல் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஓட்டச் சொல்லுங்கள். அதுவரை அந்த இரண்டு டயரும் பின்பக்கம் இருக்கட்டும், அங்கே பெரிதாகத் தெரியாது.

இந்த வாரம் முன் பின் மாற்றிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம், எந்த வேகத்தில், பிரேக் பிடிக்கும்போதா சும்மா போகும்போதா என்று குறித்து எனக்கு எழுதுங்கள். நான்கு ஈடி எண்களும், கையில் இருந்தால் அலைன்மெண்ட் பிரிண்டின் படமும் கூடவே வரட்டும். ஷாக் அப்சார்பருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.